தொடுதிரையும் பற்றரியும்: எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

"பிள்ளை, இந்தப் போன் என்ர விரலை மதிக்குதில்லை. மகள் தொட்டால் உடனே ஓடுது. நான் தொட்டால் செத்த மாதிரிக் கிடக்குது. ஆனால் பற்றரி மட்டும் மத்தியானத்துக்கு முன்னமே முடிஞ்சு போகுது."

முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பின்னர், என்னைத் தனியே கூப்பிட்டு ஓர் அக்கா இப்படிச் சொன்னார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின்னர் கணவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லாமல், பனையோலைப் பின்னலும் தோட்டக்கூலியுமாகப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது வெளிநாட்டில் இருக்கும் தம்பி.

நான் சிரித்துக்கொண்டே போனை வாங்கினேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டுத்திட்டம் தொடர்பாக ஓர் அலுவலகத்தில் இருந்து ஒரே நாளில் இரண்டு தடவை அழைத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் போன் அணைந்து கிடந்திருக்கின்றது. "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். இவருக்கு அது தெரிய வந்தது மூன்று கிழமை கழித்து. "எனக்கு இந்த விறைச்ச போன் சரிவராது. பழைய பட்டன் போனையே வைச்சிருந்திருக்கலாம்" என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

பிழை அந்த அக்காவிலும் இல்லை, போனிலும் இல்லை. போனை அவருக்கு ஏற்றபடி ஒருவரும் அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே உண்மை. தொட்டவுடன் விழிக்கும் போன் வேண்டுமா, நாள் முழுக்கத் தாங்கும் போன் வேண்டுமா என்ற இழுபறி எல்லாத் தொடுதிரைக்குள்ளும் இருக்கின்றது. அது எப்படி நடக்கின்றது என்று விளங்கிக்கொண்டால் இரண்டையும் ஓரளவுக்குச் சேர்த்தே பெறலாம்.

கண்ணாடிக்குக் கீழே ஒரு பாய்

தொடுதிரை என்பது நேற்று வந்த விடயம் அல்ல. இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படக்கூடிய தொடுதிரை பற்றி 1965ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 2007இல் ஐபோன் வந்த பின்னரே விரலால் தொட்டு இயக்கும் போன் உலகெங்கும் பரவியது. எமது கைகளுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் எடுத்தன.

பாய் இழைத்த கைகளுக்கு இதன் அமைப்பை விளங்கப்படுத்துவது சுலபம். திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய மின்கடத்திக் கோடுகள் நெடுக்காகவும் குறுக்காகவும் போடப்பட்டிருக்கின்றன. நெட்டோலையும் குறுக்கோலையும் சந்திப்பதைப் போலவே அவையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் மிகச் சிறிய அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும். எமது உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. விரல் கண்ணாடியைத் தொட்டதும் அந்த இடத்துச் சந்திப்புகளில் இருக்கும் மின்னேற்றம் சற்று மாறுகின்றது. எந்தச் சந்திப்பில் மாறியது என்று பார்த்து, "இந்த இடத்தில் விரல் வைக்கப்பட்டிருக்கிறது" என்று போன் அறிந்துகொள்கின்றது. ஆகவே தேவைப்படுவது அழுத்தம் அல்ல. எவ்வளவு பலமாகக் குத்தினாலும், தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சரியான தொடர்பு இல்லாவிட்டால் போனுக்கு அது தெரியாது. நகத்தால் தட்டினால் வேலை செய்யாததும், சாதாரணக் கையுறை போட்டால் வேலை செய்யாததும் இதனால்தான்.

வயல் காவலும் போனின் காவலும்

மின்கலச் செலவு எங்கே வருகின்றது? அந்தச் சந்திப்புகளை எல்லாம் ஒரு சிறிய இலத்திரனியல் பகுதி சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விதைத்த வயலுக்குக் காவல் இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஓயாமல் வரம்பைச் சுற்றி நடந்தால் மாடு வயலுக்குள் கால் வைத்ததுமே கண்டுவிடுவார். ஆனால் களைத்துப் போவார். கொட்டிலில் இருந்துகொண்டு இடையிடையே எட்டிப் பார்த்தால் களைப்புக் குறைவு. ஆனால் மாடு இரண்டு வாய் மேய்ந்த பின்னர்தான் காண்பார்.

போனுக்கும் இதே நிலைதான். நாம் அதைப் பாவிக்கும்போது பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு 60 முதல் 120 தடவை வரையில் திரை முழுவதையும் சுற்றிப் பார்க்கின்றன. புதிய விலை கூடிய போன்களில் இது 240 தடவையாகவும் இருக்கின்றது. 60 தடவை என்றால் சுமார் 17 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்று. 120 என்றால் சுமார் 8 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்று. சிறிது நேரம் ஒருவரும் தொடாவிட்டால் போன் தானாகவே கொட்டிலுக்குப் போய்விடும். சுற்றுகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கும். விரல் பட்டதும் மறுபடியும் எழும்பி ஓடும். சும்மா கிடந்த போனில் முதல் தொடுகை கொஞ்சம் பிந்தியது போலவும் அடுத்தடுத்த தொடுகைகள் விரைவாகவும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் கிடைத்தால் மனிதருக்கு அது "உடனே" நடந்தது போலத்தான் தெரியும். ஆகவே வேகத்தை மேலும் மேலும் கூட்டுவதால் விளையாட்டு விளையாடும் இளையவர்களுக்குப் பயன் இருக்கலாம். தம்பியின் அழைப்பை எடுக்கவும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தியை வாசிக்கவும் போன் வைத்திருக்கும் எமக்கு அந்த அதிவேகம் அவ்வளவு தேவைப்படுவதில்லை.

பற்றரியைத் தின்பது தொடுகை மட்டுமா?

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "தொடுற போன் என்றபடியால்தான் பற்றரி போகுது" என்று சொல்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். உண்மையில் தொடுகையை உணரும் பகுதிக்குப் போகும் மின்சாரம் சிறியது. பெரிய பங்கை எடுப்பது திரையின் வெளிச்சமும், உள்ளே கணக்குப் போடும் செயலியும், சிக்னல் தேடும் பகுதியுமே ஆகும். ஒவ்வொரு தொடுகையும் இவற்றைத் தட்டி எழுப்பி விடுகின்றது என்பதுதான் முக்கியம். விரல் பட்டதும் செயலி தன் வேகத்தைக் கூட்டுகின்றது, திரை பிரகாசிக்கின்றது. தொடுகை தீக்குச்சி என்றால் அடுப்பில் எரியும் விறகு திரை வெளிச்சம்தான்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இன்று பரவலாக இருக்கும் 5000 மில்லிஅம்பியர்மணி பற்றரியில் ஏறத்தாழ 19 வாற்மணி சக்தி இருக்கின்றது. போன் சராசரியாக 1 வாற் எடுத்தால் 19 மணித்தியாலம் தாங்கும். அதுவே 2 வாற் எடுத்தால் பத்து மணித்தியாலம்கூட முழுதாகத் தாங்காது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைப்பதும் அளவோடு வைப்பதும்தான் பல நேரங்களில் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

மின்கட்டணத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஒரு அலகு மின்சாரம் என்பது 1000 வாற்மணி. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால்கூட ஒரு அலகில் இப்படியான போனுக்கு ஏறக்குறைய 40 தடவை முழுதாகச் சார்ஜ் ஏற்றலாம். எமது பிரச்சினை கட்டணம் அல்ல. தேவையான நேரத்தில் மின்சாரம் கையில் இருக்குமா என்பதுதான். தோட்டத்துக்குப் போனால் மாலை வரை சார்ஜ் ஏற்ற வழியில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது வெள்ளத்துக்குள் நின்ற பலருக்குக் கையிலிருந்த போனில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

அந்த அக்காவின் போனில் நான் கண்டவை

மரநிழலில் இருந்து அந்தப் போனை இருவருமாகப் பார்த்தோம். வெளிச்சம் உச்சத்தில் இருந்தது. ஒருநாள் வெயிலில் எழுத்துத் தெரியவில்லை என்று மகள் கூட்டி விட்டிருக்கிறாள். பிறகு யாரும் குறைக்கவில்லை. திரை தானாக அணையும் நேரம் பத்து நிமிடம். ஒரு செய்தி வந்தால் வாசித்து முடித்த பின்னரும் பத்து நிமிடம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்! திரை செக்கனுக்கு 90 தடவை புதுப்பிக்கப்படும்படி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு தரம் தட்டினால் விழிக்கும் வசதியும், தூக்கினால் விழிக்கும் வசதியும் திறந்திருந்தன.

கடைசியாகச் சொன்ன இரண்டும் பார்க்க அழகான வசதிகள்தான். ஆனால் இரண்டு தரம் தட்டினால் விழிக்க வேண்டும் என்றால், திரை அணைந்த பின்னரும் அந்தக் காவற்காரர் நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்கு எடுக்கும் மின்சாரம் குறைவு. தவறுதலாக விழித்துக்கொள்வதுதான் நட்டம். போனைச் சட்டைக்குள் செருகி வைக்கும் பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. வியர்வை ஈரத்தோடு தோல் படும்போது அதை விரல் என்றே திரை எண்ணிக்கொள்ளும். குனிந்து களை பிடுங்கும் ஒவ்வொரு முறையும் அக்காவின் போன் விழித்து, பத்து நிமிடம் எரிந்து, பின்னர் அணைந்திருக்கின்றது. மத்தியானத்துக்கு முன் பற்றரி முடிந்ததில் என்ன புதுமை?

விரலை மதிக்காததற்கும் காரணம் கிடைத்தது. திரையின் மேல் தடித்த பிளாஸ்ரிக் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்கள் கிளம்பி உள்ளே காற்றும் தூசியும் போயிருந்தன. ஓலை வாரியும் மண்வெட்டி பிடித்தும் காய்த்துப்போன அக்காவின் விரல் நுனிகள் வரண்டு தடித்திருந்தன. மகளின் மெல்லிய, ஈரப்பதமுள்ள விரலைத் திரை சுலபமாக உணர்கின்றது. உழைத்த விரலை உணர்வதற்கு அது கஷ்டப்படுகின்றது. இது அக்காவின் அறியாமை அல்ல என்பதை நான் அழுத்திச் சொன்னேன். ஏனென்றால் "உங்களுக்கு இது விளங்காது" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எமது பெண்கள் எல்லாவற்றையும் தம்மில் உள்ள குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் யாருடைய விரலுக்கு ஏற்றபடி போன் அமைக்கப்பட்டிருக்கின்றது என்று பார்த்தாலே, அந்த வீட்டில் அது உண்மையில் யாருடைய கையில் இருக்கின்றது என்பது தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

அன்றைக்கு நாங்கள் செய்தவற்றையும், பின்னர் வேறு சகோதரிகளோடு சேர்ந்து செய்து பார்த்தவற்றையும் இங்கே தருகின்றேன். பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும். செற்றிங்ஸ் பக்கத்தைத் திறந்து பிள்ளைகளின் உதவியோடு தேடலாம். ஆனால் விரல் உங்களுடையதாக இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த முறை தனியே செய்யலாம்.

1. முதலில் வெளிச்சம். தானாகக் கூடிக் குறையும் வசதியைத் திறந்து விடுங்கள். அது இல்லாவிட்டால் வீட்டுக்குள் பாதிக்கும் குறைவாக வையுங்கள். வெயிலில் கூட்டினால் நிழலுக்கு வந்ததும் குறைப்பதை, அடுப்பைத் தணிப்பது போலப் பழக்கமாக்குங்கள்.

2. திரை அணையும் நேரத்தை 30 செக்கன் ஆக்குங்கள். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பவர்கள் 1 நிமிடம் வைக்கலாம்.

3. தட்டினால் விழிப்பது, தூக்கினால் விழிப்பது இரண்டையும் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உள்ள பொத்தானால் விழிக்கச் செய்யுங்கள். "தவறுதலான தொடுகையைத் தடுத்தல்" என்ற வசதி இருந்தால் அதைத் திறந்து விடுங்கள். பைக்குள் இருக்கும்போது அது உதவும்.

4. 90 அல்லது 120 என்று திரையின் வேகம் இருந்தால் 60க்குக் குறையுங்கள். பக்கம் நகர்வது சற்று வழுக்கல் குறைந்தது போலத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

5. விரலை உணரவில்லை என்றால் பழைய தாளை எடுத்துவிட்டுத் திரையை மென்மையான துணியால் துடையுங்கள். சில போன்களில் "தொடு உணர்திறன்" என்ற வசதி உண்டு. தடித்த தாள் ஒட்டியவர்களுக்காகவே தரப்பட்டது அது. அதைத் திறந்தால் காய்த்த விரலையும் திரை கூடுதலாக உணரும். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு தரம் தொட்டு ஒரு வேலையைச் செய்தால் அந்த நேரம் முழுக்கத் திரை எரிந்துகொண்டுதானே இருக்கும்? முதல் தரமே கேட்கும் திரைதான் உண்மையில் சிக்கனமான திரை.

6. கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மிகவும் வரண்ட விரல் என்றால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பூரணமாகத் துடைத்த பின்னர் தொடலாம். நீர்த்துளிகள் திரையில் இருந்தால் போன் அவற்றையும் தொடுகையாக எண்ணிக் குழம்பும். மீன் வெட்டும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் போன் "தானாக ஓடுவது" இதனால்தான்.

7. கறுப்புப் பின்னணி எல்லாப் போன்களுக்கும் உதவுவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே ஒளிரும் ஓஎல்ஈடி வகைத் திரையில் மட்டுமே கறுப்பு என்பது அணைந்த விளக்கு. மலிவான போன்கள் பலவற்றில் இருக்கும் எல்சிடி திரையில் பின்னால் உள்ள விளக்கு எப்போதும் எரியும். கறுப்புப் போட்டும் சேமிப்பு இல்லை. 2021இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓஎல்ஈடி திரைகளை வைத்துச் செய்த ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதமாக இருக்கும்போது கறுப்புப் பின்னணியால் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரமே மிச்சமாவதாகக் கண்டார்கள். வெளிச்சம் உச்சத்தில் இருந்தபோதே மிச்சம் 39 முதல் 47 சதவீதமாக இருந்தது. எனவே வெளிச்சத்தைக் குறைப்பதே எல்லோருக்கும் பொருந்தும் வழி.

சேமிக்கப் போய் இழக்கக்கூடாதது

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைக்கும் "பற்றரி சேமிப்பு" வசதியும் எல்லாப் போனிலும் உண்டு. அதைப் போட முன்னர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் வழமைபோல வரும். ஆனால் வட்ஸ்அப், வைபர் போன்றவை பின்னணியில் இயங்குவதை அது கட்டுப்படுத்துவதால், அவற்றின் செய்திகளும் அழைப்புகளும் பிந்தலாம். வெளிநாட்டில் இருந்து மகன் எடுக்கும் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய், அந்த நேரத்தில் இந்த வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. அல்லது பற்றரிப் பகுதிக்குள் சென்று அந்த ஒரு செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கி விடலாம். அலுவலகம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குச் சாதாரண இலக்கத்துக்கே அழைக்கும்படி சொல்லி வையுங்கள்.

சிக்னல் குறைந்த இடங்களில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியை முடிக்கும். இரவில் தொடர்பை நிறுத்தி வைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பி, "நிப்பாட்டி வைச்ச நேரத்தில அவன் எடுத்தால்?" என்று கேட்டார். மகனைக் காணாமல் தேடும் தாய் அவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் அமர்ந்திருந்த பலரில் ஒருவர். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நான் அந்த ஆலோசனையை அவருக்குச் சொல்லவில்லை, இங்கும் வலியுறுத்தவில்லை. வெளிச்சத்தில் மிச்சம் பிடிப்போம். காத்திருப்பவர்களின் அழைப்பு மணியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிக்னல் தெளிவாக வரும் யன்னலோரம் பார்த்துப் போனை வைத்தால் அதுவே ஒரு சேமிப்பு.

வீட்டில் துன்புறுத்தலுக்கு முகம் கொடுக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கானது 1929, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. அணைந்துபோன போனில் இந்த இலக்கங்களால் பயன் இல்லை. மாலை ஆகும்போது போனில் குறைந்தது 30 சதவீதமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

காயப்பட்ட கைகளுக்கு

போரில் விரல்களையோ கையையோ இழந்த எமது சகோதரிகள் தொடுதிரையைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். விரல் நுனிதான் வேண்டும் என்ற சட்டம் இல்லை. தோல் எங்கே பட்டாலும் திரை உணரும்: விரலின் பக்கவாடு, மூட்டு, முழங்கை, எஞ்சியிருக்கும் கையின் நுனி எதுவும் சரி. பிளாஸ்ரிக்கால் செய்த செயற்கைக் கையைத் திரை உணராது. ஏனெனில் மின்சாரத்தைக் கடத்தும் பாதை உடம்பு வரை போய்ச் சேர வேண்டும். மற்றக் கையில் பிடிக்கும் தொடுதிரைக் குச்சி கடைகளில் கிடைக்கின்றது. தழும்பு விழுந்து தடித்த தோலுக்கு மேலே சொன்ன உணர்திறன் வசதி உதவும்.

கை நடுங்குபவர்களுக்கும் வழி உண்டு. "அணுகல் வசதிகள்" என்ற பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டி வைக்கலாம். சில போன்களில் தவறுதலாக இரண்டு மூன்று தரம் பட்டால் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படியும் வைக்கலாம். போன் சற்று மெதுவாகப் பதில் சொல்லும்தான். அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டிய தாமதம். வேகமான போன்தான் நல்ல போன் என்று யார் சொன்னது?

திருத்தக் கடைக்குப் போக முன்னர்

"ரச் வேலை செய்யுதில்லை" என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். இலக்கம் அழுத்தும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பாருங்கள். எண்கள் உடனுக்குடன் வந்தால் தொடுதிரை நன்றாக இருக்கின்றது. மந்தமாவது செயலியோ நிரம்பி வழியும் நினைவகமோதான். தேவையற்ற படங்களையும் காணொளிகளையும் அழித்து, போனை ஒருமுறை நிறுத்தித் திறந்தால் பல நேரம் சரியாகிவிடும். சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தாறுமாறாக ஓடுகிறது என்றால் பிழை பெரும்பாலும் மலிவான சார்ஜரில்தான். அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் கடைக்குப் போக வேண்டி வந்தால், முக்கியமான படங்களை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். காணாமற்போன கணவரின் ஒரேயொரு படம் போனுக்குள் மட்டும் இருக்கும் வீடுகள் எம்மிடையே உண்டு. அந்தப் படத்தை அச்சடித்து வைப்பது எல்லாவற்றிலும் முதல் வேலை. கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று திருத்துவித்து வாருங்கள்.

பற்றரியைப் பற்றியும் சில வார்த்தைகள். முழுதாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது பழைய வகைப் பற்றரிகளோடு வந்த நம்பிக்கை. இப்போதைய லிதியம் பற்றரிக்கு 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பதே நல்லது. அதன் எதிரி சூடு. சோலர் தகட்டில் சார்ஜ் ஏற்றும்போது தகடு வெயிலில் இருக்கட்டும்; போன் நிழலில் இருக்கட்டும். தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றுவதும் ஆபத்து. பற்றரி வீங்கிப் பின்மூடி கிளம்பினால் உடனே பாவனையை நிறுத்துங்கள். 10000 என்று எழுதிய பவர் பாங்க் உங்கள் 5000 பற்றரியை இரண்டு தடவை நிரப்பாது. இடையில் வீணாவது போக ஒன்றேகால் தடவை அளவில்தான் எதிர்பார்க்கலாம். வசதி இருந்தால் பழைய பட்டன் போனையும் எறியாமல் வைத்திருங்கள். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் அது பல நாட்கள் தாங்கும்.

நாம் புதியவர்கள் அல்லர்

சிக்கனம் பற்றி எமது பெண்களுக்குப் பாடம் எடுக்க எனக்குச் சில வேளை வெட்கமாக இருக்கின்றது. வன்னியில் நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி நேரம் வரும் வரையில் அம்மா ஒரு சுற்றும் வீணாகச் சுற்ற விடமாட்டார். தீர்ந்துபோன ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்தவர்கள், ஜாம் போத்தல் விளக்கின் திரியை இறக்கி வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாங்கள். எதை எரிக்க வேண்டும், எப்போது எரிக்க வேண்டும் என்பது எமக்குத் தெரியும். கையில் இருக்கும் கருவி மட்டும்தான் புதியது.

அந்த அக்காவின் போன் இப்போது மாலை வரை தாங்குகின்றது. சில மாதங்கள் கழித்து அதே அலுவலகத்தில் இருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் கையை உடுப்பில் துடைத்துவிட்டுத் திரையை இழுத்து எடுத்துக் கதைத்திருக்கிறார். "முதல் இழுவையிலேயே எடுபட்டுது பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்கான முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று இனி அவருடைய பெயருக்கு எதிரே எழுத முடியாது.

வாசகிகளே, அடுத்த சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். எல்லோரும் போனைக் கையில் எடுங்கள். வெளிச்சம், அணையும் நேரம், விரல் உணர்வு என்ற மூன்றையும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சரிசெய்யுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். செய்துவிட்டுக் கொடுக்காமல், அவரவர் விரலாலேயே செய்விக்கட்டும்.